டிரம்மைக் கழட்டி டிஸ்க் போடலாமா? ஒரு பழைய ஹெரால்டும் கொஞ்சம் கணக்கும்

பழைய கார் வச்சிருக்கிற வீட்ல ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் மாட்டினா, ஒரு கேள்வி கட்டாயம் வரும். "தம்பி, இதுல இன்னும் டிரம் பிரேக்தான் இருக்கு. டிஸ்க் மாத்திடலாமா?" பைக்ல டிஸ்க் வந்ததுக்கப்புறம் பிரேக் எவ்வளவு நல்லாச்சுன்னு எல்லாரும் பார்த்திருக்கோம். காரும் அப்படியே ஆயிடும்னு நினைக்கிறது இயல்புதான்.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். மாத்தலாம். ஆனா டிஸ்க் போட்டா கார் சீக்கிரம் நிக்கும்னு நினைச்சு மாத்தாதீங்க. பத்தாவது தடவை பிரேக் அடிக்கும்போதும் முதல் தடவை மாதிரியே நிக்கணும்னு மாத்துங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை. தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மெஷின் டிசைன் மூணும் ஒரே சக்கரத்துக்குள்ள வருது. அதனால அரியர் வச்சிருக்கிற மக்களும் தைரியமா படிக்கலாம்.

சென்னையில பொறந்த ஹெரால்டு

பொதுவா பேசினா எல்லாமே காத்துல போயிடும். ஒரு காரை எடுத்துக்குவோம்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

1959-ல இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்த கார் இது. டிசைன் பண்ணினது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-ல இருந்து சென்னையில ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதைத் தயாரிச்சது. இங்கிலாந்துல இல்லாத நாலு கதவு மாடல்கூட நம்ம ஊர்ல போட்டாங்க. தனி சேசிஸ், முன்னால டபுள் விஷ்போன், பின்னால குறுக்கா ஒரு லீஃப் ஸ்பிரிங். பானெட்டைத் திறந்தா முன்பக்கம் முழுக்க முன்னால சாயும். டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம்.

என் ரூம்மேட் வீட்ல ஒண்ணு இருக்கு. அவன் தாத்தா வாங்கினது, இப்போ சித்தப்பா ஓட்டுறார். ஊர் நாமக்கல் பக்கம். குடும்பத்தோட கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அந்த கார்லதான் போவாங்களாம். ஒரு தடவை இறங்கும்போது பாதி வழியில பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. செகண்ட் கியர்லயும் ஹேண்ட் பிரேக்லயும் இறக்கிக் கொண்டு வந்திருக்கார். அதுக்கப்புறம் அந்த கார் மலை ஏறல. "டிஸ்க் மாத்திட்டா மறுபடி போலாமா தம்பி?"ன்னு அவர் கேட்டப்போ, சும்மா "போலாம் சித்தப்பா"ன்னு சொல்ல முடியல. பின்சீட்ல குழந்தைங்க உட்காருவாங்க. அதனால கணக்குப் போட உட்கார்ந்தோம்.

பிரேக்னா ஒரு அடுப்பு

ஆளோட சேர்த்து காரோட எடை 1000 கிலோன்னு வச்சுக்குவோம். மணிக்கு 80 கி.மீ. வேகம்னா நொடிக்கு 22.2 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 247 கிலோஜூல். நிறுத்தும்போது இந்த ஆற்றல் எங்கயும் மறையாது. பெரும்பகுதி நாலு பிரேக்லயும் சூடா மாறும். 30 டிகிரியில இருக்கிற 840 மில்லி தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போற சூடு அது. வீட்ல கேஸ் அடுப்புல இதுக்குச் சில நிமிஷம் ஆகும். கார் மூணு நாலு செகண்ட்ல பண்ணிடுது.

இப்போ மலையைப் பாருங்க. காரவள்ளியில இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. 1000 மீட்டர் உயரம் இறங்கினா நிலை ஆற்றல் 9.8 மெகாஜூல். அதாவது 80 கி.மீ. வேகத்துல இருந்து 40 தடவை முழுசா நிறுத்தினதுக்குச் சமம். கொஞ்சம் காத்து எடுத்துக்கும், கொஞ்சம் இன்ஜின் பிரேக்கிங் எடுத்துக்கும். மீதி எல்லாம் பிரேக் தலையில. நியூட்ரல்ல இறக்கினா இன்ஜினோட பங்கும் பிரேக்குக்கே போகும். "பெட்ரோல் மிச்சம்"னு நியூட்ரல் போடுறவங்களுக்கு இந்த ஒரு பத்தியை மட்டும் ஃபார்வர்ட் பண்ணுங்க.

டிரம்முக்குள்ள என்ன நடக்குது

டிரம் ஒரு இரும்புக் குடம் மாதிரி, சக்கரத்தோட சுத்துது. உள்ளே ரெண்டு பிறை வடிவ ஷூ. பெடல் மிதிச்சா வீல் சிலிண்டர் ஷூவை வெளிப்பக்கம் தள்ளும், லைனிங் டிரம்மோட உள்சுவரை உரசும்.

இதுல ஒரு அழகான தந்திரம் இருக்கு. டிரம் சுத்துற திசையில இருக்கிற ஷூவை உராய்வே இன்னும் உள்ளே இழுத்து அழுத்தும். நாம கொஞ்சம் தள்ளினா போதும், மீதியை அதுவே பார்த்துக்கும். இதைத்தான் லீடிங் ஷூன்னு படிக்கிறோம். எதிர்ப்பக்க ஷூவை உராய்வு தள்ளிவிடும். அது ட்ரெய்லிங் ஷூ. டெக்ஸ்ட்புக் கணக்குல, கொடுக்கிற விசைக்கு எத்தனை மடங்கு உராய்வு விசை கிடைக்குதுன்னு பார்த்தா, சாதாரண லீடிங்-ட்ரெய்லிங் டிரம்முக்குத் தோராயமா 2. ரெண்டு ஷூவும் லீடிங்கா இருந்தா 3 பக்கம். டிஸ்க்குக்கு? ரெண்டு பக்க பேட், உராய்வுக் கெழு 0.4, ஆக 0.8. அவ்வளவுதான்.

முதல் அதிர்ச்சி இதுதான். ஒரே அளவு தள்ளினா டிரம்தான் பலசாலி. பவர் பிரேக் இல்லாத காலத்துல எல்லாரும் டிரம் போட்டதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்போ டிரம்மோட பிரச்சினை என்ன? சூடாகும்போது அந்தப் பலம் நம்மளை ஏமாத்துது, அதுவும் மூணு விதமா.

ஒண்ணு, லைனிங் ரொம்ப சூடானா உராய்வுக் கெழு குறையும். 0.4-ல இருந்து 0.3 ஆச்சுன்னா டிஸ்க்கோட பலம் கால்வாசி குறையும், அதோட முடிஞ்சது. டிரம்முல உராய்வு ரெண்டு வேலை செய்யுது: காரை நிறுத்துறது, ஷூவை இழுத்து அழுத்துறது. அதனால ரெண்டும் சேர்ந்து குறையும். இழப்பு கால்வாசிக்கும் மேல போயிடும்.

ரெண்டு, இரும்பு விரியும். ஹெரால்டோட முன்பக்க டிரம் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. வெப்பநிலை 250 டிகிரி ஏறினா விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல கூடும். சுவர் ஷூவை விட்டு விலகிப் போகுது. அதைத் தொட ஷூ கூடுதல் தூரம் போகணும், பெடலும் கூடுதலா இறங்கும். டிஸ்க் சூடானா தடிமன்ல பேடை நோக்கித்தான் விரியும்.

மூணு, டிரம் ஒரு மூடின பாத்திரம். சூடு வெளியே போக வழி குறைவு, தண்ணி உள்ளே போனாலும் அப்படியே. மழையில முழங்கால் ஆழத் தண்ணியில போய் வந்த டிரம் கார் கொஞ்ச தூரத்துக்கு நிக்கவே யோசிக்கும். டிஸ்க் தண்ணியைச் சுத்தி எறிஞ்சிடும்.

இதெல்லாம் அந்தக் காலத்துலயே தெரிஞ்ச விஷயம். ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902-லயே டிஸ்க் பிரேக்குக்கு பேட்டண்ட் எடுத்துட்டார். 1953-ல ஜாகுவார் சி-டைப் கார் டன்லப் டிஸ்க்கோட லெ மான் ரேஸை ஜெயிச்சது. 24 மணி நேரம் ஓடுற ரேஸ்ல சூடு தாங்குற பிரேக் எவ்வளவு பெரிய ஆயுதம்னு உலகமே பார்த்தது. 1955-ல சிட்ரோயன் டி.எஸ். முன்சக்கர டிஸ்க்கோட பெரிய அளவுல விற்பனைக்கு வந்தது.

நிக்கிற தூரம் குறையுமா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. காரை நிறுத்துறது கடைசியில டயருக்கும் ரோட்டுக்கும் இருக்கிற பிடிப்புதான். பிடிப்புக் கெழு 0.8-ன்னா 80 கி.மீ. வேகத்துல இருந்து நிக்க 31.5 மீட்டர் வேணும். இந்தச் சூத்திரத்துல டிரம், டிஸ்க் எதுவுமே இல்ல. நல்ல நிலையில இருக்கிற டிரம்மும் ஒரு தடவை டயரை லாக் பண்ணிடும். லாக் ஆனதுக்கப்புறம் டிஸ்க் கூடுதலா என்ன பண்ண முடியும்?

ஹெரால்டுக்கு கம்பெனியில வந்தது 5.20-13 சைஸ் டயர். ஒல்லி டயர். பத்து வருஷம் ஷெட்ல நின்னு கல்லா இறுகின டயரை வச்சுக்கிட்டு டிஸ்க்குக்குச் செலவு பண்றது, கிழிஞ்ச செருப்போட ஓட்டப்பந்தயத்துக்குப் போய் விலை உயர்ந்த வாட்ச் கட்டிக்கிற மாதிரி.

டிஸ்க் தர்றது வேற. சூட்டைத் தாங்கும். பெடல் அழுத்துற அளவுக்கு நேர் விகிதத்துல நிக்கும். இடது வலது ஒரே மாதிரி பிடிக்கும், ஒரு பக்கம் இழுக்காது. மலைக்கும் மழைக்கும் இதுதான் முக்கியம்.

டிஸ்க் கேக்கிற விலை: மாஸ்டர் சிலிண்டர்

டிஸ்க்குக்குத் தன்னைத்தானே இழுத்துக்கிற தந்திரம் கிடையாதுன்னு பார்த்தோம். அந்தக் குறையை காலிப்பர் பெரிய பிஸ்டன் போட்டு ஈடு கட்டும். 19 மி.மீ. வீல் சிலிண்டரோட பரப்பளவு சுமார் 283 சதுர மி.மீ. 48 மி.மீ. காலிப்பர் பிஸ்டனோட பரப்பளவு சுமார் 1810. ஆறு மடங்குக்கும் மேல. பெரிய பிஸ்டனைத் தள்ள அதிக பிரேக் ஆயில் வேணும். அதை அனுப்ப வேண்டியது மாஸ்டர் சிலிண்டர். அதனால "காலிப்பர் மட்டும் மாத்தினா போதும்"னு யாராவது சொன்னா, நம்பாதீங்க.

நாங்க போட்ட கணக்கு இது. நல்ல பிரேக்கிங்குனு 0.7 ஜி எடுத்துக்கிட்டோம். ஒவ்வொரு முன்சக்கரத்துலயும் சுமார் 625 நியூட்டன் மீட்டர் டார்க் வேணும் (இது எப்படி வந்ததுன்னு அடுத்த பகுதியில சொல்றேன்). 9 அங்குல டிஸ்க், பேட் அழுத்துற சராசரி ஆரம் 95 மி.மீ., உராய்வு 0.4-ன்னா பிஸ்டன் சுமார் 8200 நியூட்டன் விசையில அழுத்தணும். 48 மி.மீ. பிஸ்டனுக்கு அது 45 பார் அழுத்தம். பெடல் விகிதம் 5, சிஸ்டத்துக்கு மொத்தம் 4 சி.சி. ஆயில் தேவைன்னு வச்சுக்கிட்டா:

5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டர்: காலால 18 கிலோ அழுத்தினா போதும், ஆனா பெடல் 100 மி.மீ. இறங்கும்.

3/4 அங்குலம்: 26 கிலோ அழுத்தணும், பெடல் 70 மி.மீ. இறங்கும்.

7/8 அங்குலம்: 36 கிலோ அழுத்தணும், பெடல் 50 மி.மீ. இறங்கும்.

பாஸ்கல் விதி இவ்வளவுதான். சின்ன போர்னா லேசான பெடல், நீளமான மிதி. பெரிய போர்னா கல்லு மாதிரி பெடல், குட்டி மிதி. ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. ரெண்டும் வேணும்னா வேக்குவம் பூஸ்டர் போடணும். ஹெரால்டு எடைக்கு பூஸ்டர் இல்லாமலே சமாளிக்கலாம்னு கணக்கு சொல்லுது. இன்னும் கனமான காருக்கு அப்படிச் சொல்ல முடியாது. உங்க காரோட பெடல் விகிதத்தையும் போரையும் ஸ்கேல் வச்சு அளந்துட்டு இதே கணக்கை மறுபடி போடுங்க.

இன்னொரு சின்ன விஷயம், பெரிய தலைவலி. டிரம் காருக்கு வந்த மாஸ்டர் சிலிண்டர் நிறைய கார்கள்ல லைன்ல எப்பவும் 10 பி.எஸ்.ஐ. பக்கம் அழுத்தம் வச்சிருக்கும். உள்ளே ஒரு குட்டி வால்வு அதுக்காகவே இருக்கும். டிரம்முல ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கிறதால பிரச்சினை இல்ல. டிஸ்க்ல அந்த ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல்தான் பிஸ்டனை ஒரு இழை பின்னால இழுக்கும். அந்த 10 பி.எஸ்.ஐ. இருந்தா பேட் எப்பவும் டிஸ்க்கை உரசிக்கிட்டே ஓடும், நெடுஞ்சாலையில போகப் போக சூடாகி பிரேக் பிடிச்சுக்கும். டிஸ்க் லைனுக்கு அந்த வால்வு இருக்கக் கூடாது. மோரிஸ் மைனர் மாதிரி மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில இருக்கிற கார்ல மட்டும், ஆயில் திரும்பி ஓடி வராம இருக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒண்ணு போடுவாங்க.

இதை எல்லாம் விட முக்கியமானது: அந்தக் காலத்து கார்ல நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு பிரேக்கும் ஒரே நேரத்துல போயிடும். டேன்டம் மாஸ்டர் சிலிண்டர்ல முன்னாலயும் பின்னாலயும் தனித்தனி அறை. ஒண்ணு போனாலும் மத்தது இருக்கும். மாஸ்டர் சிலிண்டரை எப்படியும் தொடப் போறோம், அப்பவே டேன்டமா மாத்திடுங்க. காசு ஒரு வேலைக்கு மட்டும்தான் இருக்குன்னா, என் ஓட்டு டிஸ்க்குக்கு இல்ல, டேன்டமுக்குத்தான்.

முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவு

பஸ்ல டிரைவர் பிரேக் அடிச்சா நாம முன்னால சாயுறோம்ல, காரோட எடையும் அப்படித்தான். ஹெரால்டோட வீல்பேஸ் 2324 மி.மீ. ஈர்ப்பு மையம் தரையில இருந்து அரை மீட்டர் உயரத்துலன்னு எடுத்துக்கிட்டா, 0.7 ஜி பிரேக்கிங்ல சுமார் 150 கிலோ பின்னால இருந்து முன்னால போயிடும். நிக்கும்போது 500-க்கு 500-ன்னு இருந்தது, பிரேக் பிடிக்கும்போது 650-க்கு 350. முன்சக்கரம் ஒண்ணுக்கு 325 கிலோ. அதை 0.7 ஜி-யாலயும் 0.28 மீட்டர் டயர் ஆரத்தாலயும் பெருக்கினா மேல சொன்ன 625 வரும்.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, வேலையில மூணுல ரெண்டு பங்கு முன்சக்கரத்துக்கு. அதனால முன்னால மட்டும் டிஸ்க் போட்டா போதும். பின்னால டிரம்மை விட்டா ஹேண்ட் பிரேக்கும் அப்படியே வேலை செய்யும். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் போடுறது பெரும்பாலும் போட்டோவுக்குத்தான்.

ரெண்டாவது பாடம் உயிர் சம்பந்தப்பட்டது. பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னாடி லாக் ஆகக் கூடாது. முன்சக்கரம் லாக் ஆனா கார் நேரா வழுக்கும், ஸ்டீயரிங் கேக்காது. பின்சக்கரம் லாக் ஆனா கார் பம்பரம் மாதிரி திரும்பிடும். கம்பெனி இன்ஜினியர்கள் பழைய முன் டிரம்முக்கும் பின் டிரம்முக்கும் ஒரு சமநிலை வச்சிருந்தாங்க. முன்னால டிஸ்க் போட்ட அந்த நிமிஷம் அது கலைஞ்சிடும். திரும்பக் கொண்டு வர ரெண்டு வழி. பின் லைன்ல ஒரு புரொபோர்ஷனிங் வால்வு போடலாம். இல்லன்னா பின் வீல் சிலிண்டரைச் சின்னதாக்கலாம், 19 மி.மீ.ல இருந்து 16 மி.மீ. ஆக்கினா பின் பிரேக் விசை 29 சதவீதம் குறையும். எது பண்ணினாலும் காலி மைதானத்துல, குறைஞ்ச வேகத்துல, யாராவது வெளியில நின்னு எந்தச் சக்கரம் முதல்ல லாக் ஆகுதுன்னு பார்த்து உறுதி பண்ணணும்.

பிராக்கெட்டை லேசா நினைக்காதீங்க

பட்டறையில சர்வ சாதாரணமா ஒரு வசனம் கேக்கலாம்: "மாருதி காலிப்பர் ஒண்ணு கிடக்கு, பிளேட் வெட்டி வெல்டு பண்ணி மாட்டிடலாம்." அந்த பிளேட் மேல எவ்வளவு விசை வரும்னு பாருங்க. 625 நியூட்டன் மீட்டரை 95 மி.மீ. ஆரத்தால வகுத்தா சுமார் 6600 நியூட்டன், கிட்டத்தட்ட 670 கிலோ. ஒரு முழு மாருதி 800-ஐ அந்த ஒரு பிராக்கெட்ல தொங்கவிட்ட மாதிரி. அதுவும் ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவை பிரேக் அடிக்கும்போதும். மெஷின் டிசைன்ல ஃபெடீக்னு ஒரு யூனிட் வரும், பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிப்போமே, அதுதான் இங்க நடக்குது. வெல்டு ஓரத்துல ஒரு மயிரிழை விரிசல் ஆரம்பிச்சா, அது என்னைக்கு முடியும்னு யாருக்கும் தெரியாது.

அதனால முதல் விதி: அதே குடும்பத்துல கம்பெனியே டிஸ்க் போட்டு வித்த அண்ணன் தம்பி கார் இருக்கான்னு தேடுங்க. ஹெரால்டுக்கு இந்த விஷயத்துல அதிர்ஷ்டம். 1962-ல அதே சேசிஸ் அடிப்படையில வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு முன்னால 9 அங்குல டிஸ்க் இருந்தது. 1963-ல வந்த ஹெரால்டு 12/50 மாடலுக்கும் முன் டிஸ்க்தான். பிற்கால ஸ்பிட்ஃபயர்கள்ல டேன்டம் மாஸ்டர் சிலிண்டரும் வந்துடுச்சு. இந்த பார்ட்ஸ் பிரிட்டன்ல இன்னும் கிடைக்குது. டிஸ்க், காலிப்பர், ஹப், பிராக்கெட், வெர்ட்டிக்கல் லிங்க் இதுல எது டிரம் காரோட பொதுவானது, எது வேறன்னு பார்ட்ஸ் கேட்டலாக் நம்பரை ஒண்ணொண்ணா ஒப்பிட்டுட்டுத்தான் ஆர்டர் பண்ணணும்.

மத்த கார்களுக்கும் இதே மாதிரி தேடலாம். நம்ம பிரீமியர் பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100 டி-யில நாலும் டிரம். 1966-ல இத்தாலியில அதுக்கு அடுத்து வந்த 1100 ஆர்-ல முன் டிஸ்க் இருந்தது. கம்பெனி டிசைன் பண்ணி, டெஸ்ட் பண்ணி, ஆயிரக்கணக்குல வித்த ஒண்ணை எடுத்து மாட்டுறதுக்கும், பட்டறையில கண் அளவுல வெட்டினதை மாட்டுறதுக்கும் வித்தியாசம் மேல சொன்ன 670 கிலோதான்.

சக்கரம் மாட்டிப் பார்க்கிறதும் முக்கியம். காலிப்பர் 13 அங்குல ரிம்முக்குள்ள இடிக்காம நிக்கணும். ஹெரால்டுக்கு நாலு போல்ட், பி.சி.டி. 95.25 மி.மீ. வேற கார் ஹப் போட்டா இது மாறி, ரிம்மும் மாத்த வேண்டி வரும்.

வேலை வரிசை

1. முதல்ல இருக்கிற பிரேக்கைச் சரி பண்ணுங்க. அந்த சித்தப்பா கார்ல நாங்க டிரம்மைத் திறந்தப்போ, ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சு லைனிங் எல்லாம் ஆயில். ரப்பர் ஹோஸ் வெளியில வெடிப்பு. இந்த நிலையில எந்த பிரேக்கும் மலை இறங்காது. நிறைய "டிரம் சரியில்ல" கேஸ் இப்படிப்பட்டதுதான்.

2. பழைய லைனிங் தூசியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரெஸர் காத்து அடிச்சு ஊதாதீங்க. நல்ல மாஸ்க் போட்டு ஈரத் துணியில துடைச்சு, கவர்ல கட்டிப் போடுங்க.

3. ஆயில், ஹோஸ், பைப் எல்லாம் புதுசு. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும். ஈரம் ஏறினதுக்கு 155 இருந்தாலே போதும்னுதான் விதியே. லைன்ல ஆயில் கொதிச்சு ஆவி ஆனா, பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். சித்தப்பாவுக்கு மலையில நடந்தது பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கணும்.

4. டேன்டம் மாஸ்டர் சிலிண்டர், அப்புறம் டிஸ்க். எல்லாத்தையும் ஆயில் ஊத்தாம ஒரு தடவை மாட்டி, ஸ்டீயரிங்கை ரெண்டு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கயும் இழுபடுதா, டயர்ல உரசுதான்னு பாருங்க.

5. பிளீடிங் பண்ணும்போது நிப்பிள் காலிப்பரோட மேல் பக்கம் இருக்கணும். இடது காலிப்பரை வலது பக்கம் மாட்டினா நிப்பிள் கீழ வந்துடும். காத்து மேலயே தங்கும், ராத்திரி முழுக்க பிளீட் பண்ணினாலும் பெடல் ஏறாது.

6. புது பேடை உடனே மலைக்குக் கொண்டு போகாதீங்க. மிதமான வேகத்துல நிதானமா பல தடவை பிரேக் பிடிச்சு, நடுவுல ஆற விட்டு, பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பழகணும். அப்புறம் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வச்சு மறுபடி பாருங்க.

7. பழைய டிரம், ஷூ, பேக் பிளேட் எதையும் காயலான் கடைக்குப் போடாதீங்க. பேர் எழுதி, கிரீஸ் தடவி, பெட்டியில வைங்க.

பழசு பழசாவே இருக்கணுமா?

ஏழாவது பாயின்ட்டுக்கு ஒரு காரணம் இருக்கு. 2021-ல மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்தோட நம்பர் கிடைக்கும். ஆனா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல மாற்றம் இருக்கக் கூடாதுன்னு விதி. பிரேக்கை அங்க தனியா பேர் சொல்லல. அதனால வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் எழுத்துல கேட்டுக்கிறது நல்லது. சேசிஸ்ல ஒரு ஓட்டைகூட போடாம, ஒரு வெல்டுகூட வைக்காம, போல்ட்ல மட்டும் மாட்டுற கன்வெர்ஷன்னா என்னைக்கு வேணும்னாலும் பழைய நிலைக்குத் திருப்பலாம். அந்தப் பெட்டி அதுக்குத்தான்.

"அசலை மாத்துறது பாவம்"னு சொல்றவங்களும் இருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை கண்காட்சிக்கு மட்டும் போற காருக்கு அது சரி. அங்க டிரம்மை நல்லபடியா வச்சிருந்தாலே போதும். ஆனா குடும்பத்தோட மலை ஏறப் போற காருக்கு, இன்னைக்கு இருக்கிற டிராஃபிக்ல, நமக்கு முன்னால ஏ.பி.எஸ். வச்ச புது கார் சட்டுனு நிக்கிற ரோட்ல, அந்த வாதம் எடுபடாது. ஸ்பிட்ஃபயருக்கு டிஸ்க் போட்டதும் அதே கம்பெனி இன்ஜினியர்கள்தான். அவங்க போட்ட அதே பார்ட்டை நாம போடுறது காரை அவமதிக்கிறது ஆகாது.

உங்ககிட்ட யாராவது கேட்டா

மூணு கேள்வி திருப்பிக் கேளுங்க. கார் எங்க ஓடப் போகுது? இப்ப இருக்கிற பிரேக்கும் டயரும் ஆரோக்கியமா இருக்கா? இந்த மாடலோட குடும்பத்துல கம்பெனி டிஸ்க் வச்ச கார் உண்டா? ஊருக்குள்ள மட்டும் ஓடுற கார்னா டிரம்மைச் சரி பண்ணி, டேன்டம் போட்டு, டயர் மாத்தினா போதும். மலைக்கும் ஹைவேக்கும் போற கார், கம்பெனி பார்ட்ஸும் கிடைக்குதுன்னா, முன் டிஸ்க் போடுங்க, கணக்கோட. பார்ட்ஸ் கிடைக்காம வெட்டி ஒட்டித்தான் ஆகணும்னா, வேண்டாம்னு சொல்லிடுங்க. கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல.

டிஸ்க்கோ டிரம்மோ, மலை இறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க. அந்த 9.8 மெகாஜூல்ல இன்ஜின் எவ்வளவு எடுத்துக்குதோ, அவ்வளவும் பிரேக்குக்கு லாபம். இதுக்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவை இல்ல.